சீய நாட்டு முகமூடிக் கூத்து



தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கிற்குச் செல்லும் இலங்கையர்க்கு அங்கே பழகிய முகம் ஒன்று காத்திருக்கின்றது. அந்நகரின் அரச மாளிகையை ஒட்டி மரகதப் புத்தர் கோவில் இருக்கின்றது. அதன் வாயில்களிற் கதையை ஊன்றியபடி பேருருவ அரக்கர் இருவர் இருவராகக் காவல் நிற்கின்றனர். அவர்களுட் பச்சை மேனியும் அடுக்கடுக்காய் உயர்ந்த தலைகளும் உடையவன் தொத்சகன். தசகண்டன் என்னும் வடசொல் அந்நாட்டார் நாவில் அவ்வாறு திரிந்தது. ஆம், நம் இராவணனே! இலங்கை வேந்தன் ஒரு புத்த கோவிலுக்குக் காவலனாய் நிற்பதைக் காணும் நம்மவர் சற்றே திகைப்பர். அந்நாட்டாருக்கோ அதில் திகைப்பதற்கு எதுவும் இல்லை. நூற்றாண்டுகளாக அவன் அவர்களுடைய அரங்கிலே ஆடி வருகின்றான்.

அவன் ஆடும் அக்கூத்தின் பெயர் கோன் என்பது. நம் மொழியிற் கோன் என்றால் அரசன். அரசவையிலே வளர்ந்த கூத்தாகையால் இவ்விரு சொற்களுக்கும் உறவு உண்டென்று வாதிக்க முன்வருவோர் இருக்கலாம்; ஒலி ஒத்தமை ஒன்றையே சான்றாகக் கொண்டு உறவு கொண்டாடுவதை நான் ஏற்பதில்லை. மற்றும் ஒரு சொல்லைப் பற்றியும் இங்கேயே கூறிவிடுகின்றேன். தாய் மொழி என்று நான் சொன்னால் வானொலியிற் கேட்போர் வேறு பொருள் கொள்வர். ஆகையால் சீய மொழி, சீய நாடு என்ற பழைய பெயர்களையே பெரிதும் வழங்குவேன். தாய்லாந்து என்னும் பெயர் சட்டப்படி முதன்முதற் சூட்டப்பட்டது 1939 ஆம் ஆண்டிலேதான்.

பாங்கொக்கிற்குச் சுற்றுலாச் செல்வோர்க்கு அந்நாட்டுக் கலைகளை அறிமுகஞ் செய்யும் இடம் பெரும்பாலும் ஓர் உணவு மண்டபமாக இருக்கும். அங்கே உண்டுகொண்டிருக்கும்போதே மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டங்கள் வரும். வடபுலத்துப் பெண்கள் பித்தளை நகம் பூண்டு மெல்ல ஆடுவர், பின்பு மெழுகுதிரி ஏந்திய நடனம், வாட்போர், முடிவில் வெள்ளைக் குரங்காய் அனுமன் குதித்து வந்து குழந்தைகளோடு கை குலுக்குவான். இவை போலி என்று நான் கூறமாட்டேன். ஆடுவோர் முறையாகப் பயின்றவர்களே. ஆனால் பெரிய நூலொன்றிற் பக்கத்துக்கு ஒரு சொல்லாகக் கிள்ளியெடுத்துத் தட்டிலே வைத்தாற் போன்றது அது. அண்மை ஆண்டுகளில் அரச மாளிகையின் அனுமதிச் சீட்டுடனேயே சாலா சலேம்குருங் என்னும் அரங்கிற் குறுங் கோன் காட்சி ஒன்றையும் காணும் ஏற்பாடு வந்துள்ளது. நகரத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவையொட்டிப் பிரஜாதிபொக் மன்னர் அமைப்பித்து, 1933 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட படமாளிகை அது. அரைமணிக்கும் குறைந்த அக்காட்சியேனும் ஒரே கதையின் ஒரே பகுதியைக் காட்டுவதால், உணவு மண்டபத்தினும் மேலானது என்பது என் கருத்து. எனினும் கோன் எத்தகையது என்பதை அறிய வேண்டுவோர் இரண்டு மூன்று மணி நேரம் பொறுமையோடு இருந்து முழு ஆட்டம் ஒன்றைக் காணவேண்டும்.

அவ்வாறு காண்போருக்கு முதலில் வியப்பளிப்பது ஆடுவோரின் மௌனம். நம் நாட்டுக் கூத்துகளில் ஆடுவோரே பாடுவர். கோனில் ஆடுவோர் வாய் திறவார். முகமூடி தலை முழுவதையும் மூடி நிற்பதாற் பேசவும் இயலாது. அரங்கின் ஓரத்தில் இருக்கும் ஆண்கள் சிலர் அவர்களுக்காகச் செய்யுளை ஓதுவர், உரையாடலையும் ஓசையோடு சொல்வர். ஒருவர் குரல் மற்றொருவர் உடலிற் குடிபுகுந்தது போலிருக்கும். முற்காலத்தில் எல்லாப் பாத்திரங்களும் முகமூடி அணிந்தே ஆடின. பின்னரே இராமனும் சீதையும் தேவரும் முகத்தைத் திறந்து ஆடும் வழக்கம் ஏற்பட்டது. அப்போதும் அம்முகத்தில் அசைவு தோன்றாது. இரு கைகளையும் மார்பிற் குறுக்கே வைத்தால் அன்பு. காதின் கீழே கழுத்தை உள்ளங்கையால் தேய்த்துச் சட்டென இழுத்துக் காலால் நிலத்தை உதைத்தால் சினம். கண்டவுடன் எல்லாம் விளங்கிவிடா. ஆயினும் அரைமணி நேரம் கழிந்தபின் நம் கண் தானே அம்மொழியைப் படிக்கத் தொடங்குகின்றது.

நிறங்களும் ஒரு மொழியே. இராமன் பச்சை, இலக்குவன் பொன்மஞ்சள், அனுமன் வெள்ளை, சுக்கிரீவன் சிவப்பு, அங்கதன் பச்சை, மயிலிராவணன் ஊதா. தொத்சகனும் பச்சையே, ஆனால் காதல் வயப்பட்டு அவன் அலங்கரித்து வரும் வேளையிற் பொன்முகம் பூண்பான். காகிதத்தை அச்சின்மேற் படலம் படலமாக ஒட்டி உலர்த்திப் பிரித்து, மரப்பிசினால் அணிவேலை செய்து, பொற்றகடும் கண்ணாடிச் சில்லும் பதித்து இம்முகமூடிகளை ஆக்குகின்றனர். உடையை ஆடுபவரின் உடலிலேயே வைத்து ஊசியால் தைத்துவிடுகின்றனர். ஆட்டம் முடிந்தபின் தையலைப் பிரித்தே களைவர்.

பக்கத்தே பிபாத் என்னும் இசைக்குழு அமர்ந்திருக்கும். இருபத்தொரு மரச் சட்டங்களைத் தொட்டில்போற் கட்டி இரு கோல்களால் அடிக்கும் கருவி; பதினாறு சிறு குமிழ்மணிகளை வட்டமாக அடுக்கி, நடுவே அமர்ந்து இசைக்கும் கருவி; நாகசுரத்துக்கு உறவினன் எனத்தக்க ஒரு குழல்; மத்தளத்தை ஒத்த தபோன்; பெருமுரசு இரண்டு; தாளம். ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வோர் இசை வகுக்கப்பட்டுள்ளது. படை நடப்பதற்கும் போருக்கும் ஒன்று, அழுகைக்கு ஒன்று, தேவரை அழைக்க ஒன்று. பழகிய சுவைஞர் கண்ணை மூடியிருந்தே மேடையில் நடப்பதைச் சொல்லிவிடுவர்.

இக்கூத்தின் பழமைக்குச் சான்று யாது? பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி சீயத்திற்கு அனுப்பிய தூதர் லா லூபேர் என்பவர். அவர் 1687 ஆம் ஆண்டு அயுத்தியா நகருக்கு வந்து, அடுத்த ஆண்டு நாடு திரும்பிய பின், தாம் கண்டவற்றை எழுதி 1691 இல் நூலாக வெளியிட்டார். அதில் முகமூடியும் படைக்கலமும் தரித்தவர்கள் ஆடும், நடனம் என்பதிலும் போர் எனவே சொல்லத்தக்க ஓர் ஆட்டத்தைக் கோன் என்ற பெயராலேயே குறிப்பிடுகின்றார். அது மூன்று ஊற்றுகளிலிருந்து பிறந்தது என்பது சீயத்து அறிஞர் கொள்கை. பாற்கடல் கடைந்த கதையை அரச விழாவில் நடித்துக் காட்டிய சடங்கு ஒன்று. மாட்டுத் தோலிற் செதுக்கிய பெரும் பாவைகளை ஏந்தித் திரையின் முன்னும் பின்னும் ஆடும் நங் யாய் என்னும் நிழற்கூத்து மற்றொன்று. வாளும் கோலும் கொண்டு பயிலும் போர்க்கலை மூன்றாவது. இன்றும் கோன் ஆடுவோர் பக்கவாட்டிற் கால்களை அகட்டி நிற்பதைக் காணும்போது தோற்பாவை உயிர் பெற்று நிற்கின்றதோ என்றே தோன்றும். ராச்சபுரி மாகாணத்து வாட் கனோன் என்னும் விகாரையில் அத்தோற்பாவைகள் முந்நூற்றுக்கு மேல் பேணப்பட்டு இன்றும் ஆட்டுவிக்கப்படுகின்றன. பயணிகளில் அவ்விடத்தை நாடுவோர் சிலரே.

இவ்வளவு சிறப்போடு இருந்த அயுத்தியா 1767 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் பர்மியப் படைகளிடம் வீழ்ந்தது. நகரம் எரிந்தது. ஏடுகள் எரிந்தன. அரச குடும்பத்தினரோடு ஆடுநரும் பாடுநரும் கைவினைஞரும் சிறைப்பட்டுப் பர்மாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் அங்கே சும்மா இருக்கவில்லை. பர்மிய அரசவை அவர்களிடம் ஆட்டமும் பாட்டும் கற்றது. யோதயா, அதாவது அயுத்தியா, என்ற பெயரால் ஒரு பாட்டு வகையே பர்மாவில் இன்றும் வழங்குகின்றது. நகரை எரித்தவர் அந்நகரின் பெயரைத் தம் பாட்டுக்கு இட்டனர். வரலாற்றில் இத்தகைய விந்தைகள் உண்டு.

எஞ்சியவர்களைக் கொண்டு மீண்டும் கட்டியெழுப்பும் பணி தக்சின் மன்னர் காலத்திலே தொடங்கியது. அவரே இராமகதையின் சில பகுதிகளைப் பாடினார். 1782 ஆம் ஆண்டு பாங்கொக்கைத் தலைநகராக்கிய முதலாம் இராமர் என்னும் மன்னர், புலவரைக் கூட்டி, நினைவிலும் கிழிந்த ஏடுகளிலும் கிடந்த கதையைத் தொகுத்து, 1797 ஆம் ஆண்டளவில் இராமகியன் என்னும் பெருங்காப்பியமாக ஆக்குவித்தார். இராமகீர்த்தி என்பதே அப்பெயரின் மூலம். போர் முடிந்து அரண் கட்டவும் வயல் திருத்தவும் வேண்டிய வேளையில், ஓர் அரசன் கூத்துக்குரிய கதையைத் தொகுக்க முற்பட்டமை சிலருக்கு வீண் செலவாகத் தோன்றலாம். அயுத்தியா என்பதே அயோத்தி. அரசன் பெயரும் இராமன். கதை அழிந்தால் அரசுரிமையின் வேரும் அழியும் என்று அவர்கள் எண்ணினர் என்றே நான் கருதுகின்றேன். மரகதப் புத்தர் கோவிலின் சுற்றுமண்டபச் சுவரில் அக்கதை 178 ஓவியங்களாக விரிகின்றது. பயணிகள் பெரும்பாலோர் அவற்றைப் பின்னணியாக வைத்துப் படம் பிடித்துக்கொண்டு வெளியேறுகின்றனர். ஒருநாள் முழுவதும் ஒதுக்கி ஓவியம் ஓவியமாகப் பார்த்தால், அன்றிரவு அரங்கிற் காணும் ஆட்டம் பாதி விளங்கிவிடும்.

இராமகியன் நாம் அறிந்த இராமாயணம் அன்று. கம்பனிலும் வான்மீகியிலும் இல்லாதன பல அதிலே உண்டு. அதிற் சீதை தொத்சகனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்தவள். குலத்தை அழிப்பாள் என்று விபீடணன் சோதிடம் கூற, நீரில் விடப்பட்டவள். அனுமன் பிரமசாரி அல்லன்; கடலில் அணை கட்டும்போது தடுக்க வந்த தொத்சகன் மகளாகிய மச்சகன்னியையே காதலித்து மணந்தவன். தொத்சகனின் உயிர் அவன் உடலில் இல்லை. ஒரு பேழையில் அடைத்துத் தவசி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இவற்றைக் கேட்டு முகஞ் சுளிப்போர் நம்மிடையே இருப்பர். மூலத்தோடு ஒட்டவில்லை என்று குறை கூறுவதை விடுத்து, கதை தங்கிய நாட்டிலெல்லாம் அந்நாட்டவனாகவே வாழ்ந்தது என்று மகிழ்வதே தகும்.

அவர்கள் மிகவும் விரும்பும் பகுதிகளில் ஒன்று நங் லோய், அதாவது மிதக்கும் மங்கை. போரை நிறுத்த எண்ணிய தொத்சகன், விபீடணன் மகளான பெஞ்ஞகாய் என்பவளை அழைத்து, இறந்த சீதைபோல் உருமாறி இராமன் பாசறையருகே ஆற்றில் மிதக்குமாறு ஏவுகின்றான். உருமாறிய அவள் தன் அழகைத் தானே கண்டு மயங்கி ஆடும் ஓர் ஆட்டம் உண்டு. பாடகர் ஓரடி பாட, சொல் எதுவும் இன்றி அக்குழல் அவ்வடியை அப்படியே திருப்பிச் சொல்லும். பின்பு விடியற்காலையில் இராமன் நீராட வருகின்றான், உடலைக் காண்கின்றான், கதறுகின்றான். இலங்கையை எரித்ததால் வந்த வினை என்று அனுமனைச் சினக்கின்றான். அனுமனோ, உடல் கெடவில்லை, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி வந்திருக்கின்றது என்று ஐயுற்றுச் சிதையில் வைக்கச் சொல்கின்றான். தீ சுட்டதும் அவள் புகையோடு வானில் எழ, அவன் பாய்ந்து பிடிக்கின்றான். இனித் தீர்ப்புக் கூறவேண்டியவன் யார்? அவளைப் பெற்ற விபீடணன்! மகளுக்குச் சாவே தகும் என்று அவன் சொல்ல வேண்டும். மனுநீதி கண்ட சோழன் கதையிற் பழகிய நமக்கு அவ்விடத்தின் கனம் தெரியும். நான் கண்ட ஆட்டத்தில் விபீடணனாக ஆடியவர் அவ்விடத்தில் நெடுநேரம் அசையாது இருந்தார். அரக்க முகமூடியின் பிதுங்கிய விழிகளில் மாற்றம் எதுவும் இராதென்பதை அறிவேன். ஆயினும் எனக்கு அருகே இருந்த சீயத்து மூதாட்டி முந்தானையாற் கண்ணைத் துடைத்தார். இராமன் இறுதியில் அவளை மன்னித்துவிடுகின்றான்.

பாங்கொக் அரசர்கள் பலரும் கோனைப் போற்றினர் எனினும், அதைத் தம் உயிர்போல் நேசித்தவர் ஆறாம் இராமராகிய வஜிராவுத் மன்னரே. 1910 முதல் 1925 வரை ஆண்ட அவர் கோன் நாடகங்களைத் தாமே எழுதினார். ஆடுவோர்க்குப் பிரபுப் பட்டங்கள் அளித்தார். அவர் மறைந்ததும் செலவுச் சுருக்கம் வந்தது. 1932 ஆம் ஆண்டுப் புரட்சியில் முடியின் தனியாட்சி முடிந்தது. அரசனுக்காகவே ஆடிய கூத்தர் இனி யாருக்காக ஆடுவர்? அவர்களும் அவர்களுடைய முகமூடிகளும் கருவிகளும் 1935 ஆம் ஆண்டிற் புதிய அரசாங்கத்தின் நுண்கலைத் திணைக்களத்திற்கு மாற்றப்பட்டன. அதற்கு முன்னாண்டிலேயே அத்திணைக்களத்தின் தலைவர் லுவாங் விசித் வாதகான் நடனத்திற்கும் இசைக்கும் ஒரு பாடசாலையைத் தொடங்கியிருந்தார். மாளிகைக்குள் இருந்த கலை வகுப்பறைக்கு வந்தது. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அம்மாற்றம் எளிதானதாகத் தோன்றவில்லை. அரசன் பசி தீர்க்க, கலைஞன் நாள் முழுதும் ஆடலாம். பாடசாலையிலோ மணி அடிக்கும், தேர்வு வரும், கணக்கும் வரலாறும் கூடவே படிக்கவேண்டும்.

அடுத்து வந்த பிபுன் சொங்கிராம் ஆட்சி, 1939 முதல் 1942 வரை பன்னிரண்டு பண்பாட்டுக் கட்டளைகளை விதித்தது. மக்கள் நவநாகரிகமாக வாழவேண்டும் என்பது நோக்கம். தொப்பி அணியச் சொன்னார்கள், வெற்றிலையைத் தடுத்தார்கள். மரபிசைக் கலைஞர் மீதும் கட்டுப்பாடுகள் விழுந்தன. 1944 இல் ஊர்ப்புறத்து வட்டக் களியாட்டம் ஒன்றை நுண்கலைத் திணைக்களம் செப்பஞ்செய்து, ராம்வொங் என்ற பெயரில் நாடெங்கும் பரப்பியது. இன்று உணவு மண்டபங்களிற் பயணிகளையும் கைபிடித்து எழுப்பி ஆட வைப்பது அந்த ராம்வொங்தான். பழமையான மரபு என்று எண்ணி ஆடுகின்றவர்கள், அது உலகப் போர்க்காலத்து அரசாங்கம் வகுத்த வடிவம் என்பதை அறியார். அதனால் அதன் இனிமை குறைந்துவிடாது.

கோனோ அவ்வாறு ஆணையால் வகுக்கத்தக்கதன்று. அதைச் சிறுவயதிலேயே உடம்பில் ஏற்றவேண்டும். பிள்ளையின் உடலமைப்பை நோக்கி ஆசிரியர் நால்வகையுள் ஒன்றிற் சேர்ப்பார். மெலிந்து நிமிர்ந்தவன் நாயகன், மென்மையானவள் நாயகி, உயரமும் பருமனும் உடையவன் அரக்கன், குறுகித் துடிப்பானவன் குரங்கு. பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அவ்வகையே நிலைக்கும். காலையிற் பிள்ளைகள் வரிசையாக நின்று தாளத்துக்குத் தரையை உதைப்பார்கள். முழங்காலை உள்ளங்கையால் தட்டித் தாளத்தை மனத்திற் பதிப்பார்கள். சுவரோடு முதுகை ஒட்டி அமர்ந்த மாணவனின் முழங்கால்களைத் தம் பாதங்களால் இருபுறமும் தள்ளி ஆசிரியர் அகட்டுவார். குரங்காகப் பயில்வோர்க்குக் கரணமும் உண்டு. வலிக்கத்தான் செய்யும். இத்தகைய பயிற்சியை நம் பெற்றோர் இன்று பொறுப்பார்களோ, அறியேன்.

இவ்வாறு பயின்றவன்கூடத் தன் விருப்பப்படி எல்லாம் ஆடிவிட முடியாது. உயர்ந்த ஆட்டங்களைக் கற்கவும் கற்பிக்கவும் ஆசிரியர் வாயிலாக உரிமை பெறவேண்டும். அதற்கென உள்ளது வாய் குரு, அதாவது குருவணக்கம் என்னும் சடங்கு. அது வியாழக்கிழமையில் நடக்கும். வியாழனைக் குரு என வழங்கும் நமக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை. பீடத்தில் முகமூடிகளை எல்லாம் அடுக்கி, பழமும் பண்ணியமும் மட்டுமன்றி, அரக்கர்க்காகப் பச்சை இறைச்சியும் படைப்பர். நடத்தும் ஆசிரியர் பரத முனிவரின் முகமூடியைத் தாமே தரித்து, முனிவராகவே வருவார். பின்பு மாணவன் தலையில் முனிவர் முகமூடியையும், பைரவ வடிவான பிரா பிராப் முகமூடியையும் முறையே வைத்து எடுப்பார். அக்கணம் முதல் அவன் அப்பரம்பரையைச் சேர்ந்தவன்.

பிரா பிராப் என்னும் அத்தெய்வத்தின் ஆட்டமே எல்லாவற்றினும் புனிதமானதும் அஞ்சத்தக்கதும் ஆகும். வஜிராவுத் மன்னரின் கூத்தருள் ஒருவராயிருந்து முதுமையெய்திய நாய் ரோங்பக்தி என்பவரிடமே அது எஞ்சியிருந்தது. 1963 ஆம் ஆண்டு பூமிபோல் மன்னர் முன்னிலையில் அவர் அதனை இளையோர்க்கு வழங்கினார். அது காலத்தால் நிகழ்ந்தது. குருவணக்கத்தை நடத்தும் உரிமைக்கோ அந்நற்பேறு கிட்டவில்லை. அவ்வுரிமையைக் கொண்டிருந்த பேராசான் ஆக்கோம் சாயாக்கோம் அதனை வேறெவர்க்கும் ஒப்படைக்காமலே 1982 ஆம் ஆண்டில் மறைந்தார். ஆடத் தெரிந்தோர் பலர் இருந்தனர், நூல்கள் இருந்தன, கல்லூரி இருந்தது, ஆயின் மாணவன் தலையில் முகமூடியை வைக்கும் உரிமையுடைய கை இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1984 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் பூமிபோல் மன்னரே ஒரு சடங்கு நடத்தி, தெரிந்தெடுத்த ஆசான்மார் சிலர்க்கு அவ்வுரிமையை வழங்கினார். அறுந்த இழை அவ்வாறு முடியப்பட்டது.

இதைச் சடங்கு வெறி என்று சிரிப்பதற்குமுன் நம் இலங்கை வரலாற்றை நினைக்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் உபசம்பதை என்னும் துறவுநிலையை அளிக்கும் தகுதியுடைய பிக்குகள் இத்தீவில் இல்லாதொழிந்தனர். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் சீயத்துக்குத் தூதனுப்பினான். 1753 ஆம் ஆண்டு அயுத்தியாவிலிருந்து உபாலி தேரர் தலைமையிற் பிக்குகள் வந்து கண்டியில் அதனை மீண்டும் நிறுவினர். சீய நிக்காயம் என்ற பெயர் இன்றும் அதற்குச் சான்று. அவர்களை அனுப்பிய நகரம் பதினான்கே ஆண்டுகளிற் சாம்பலாயிற்று. அத்தூது ஒரு தலைமுறை பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நூல்கள் நம்மிடமும் இருந்தன, கை இல்லை.

கை மாறி வந்தும் பொருள் மாறிப்போன ஒன்றையும் பாங்கொக்கிலே காணலாம். அது நம் தமிழைச் சேர்ந்தது. அங்குள்ள தேவஸ்தானத்துப் பிராமணர், மார்கழி தை மாதங்களையொட்டி நடத்தும் விழாவின் பெயர் திரியம்பாவாய் திரிபாவாய். திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே அவை. அவ்விழாவிலும் முடிசூட்டு விழாவிலும் அவர்கள் ஓதுவனவற்றுள் தமிழ்ப் பாடல்கள் கலந்திருப்பதை நம் நாட்டவராகிய தனிநாயக அடிகள் உள்ளிட்ட அறிஞர் எடுத்துக்காட்டினர். ஓதுவோர்க்கு அது தமிழென்று விளங்காது. நம்மவர் கேட்டாலும் எளிதில் விளங்காது. ஓசை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. இவ்விழாவில் ஆடவர் ஏறி ஆடிய பெரிய ஊஞ்சலின் செந்நிறத் தூண்கள் கோவிலெதிரே நிற்கின்றன. உயரத்திற் கட்டிய காசுப் பையைப் பல்லாற் கவ்வ முயன்று வீழ்ந்தோர் உண்டாகையால் ஊஞ்சலாட்டம் 1935 இல் நிறுத்தப்பட்டது. 2007 இல் புதிய தேக்குத் தூண்களை நாட்டினர், ஊஞ்சல் ஆடுவதில்லை. அதனை நோக்கி நின்றபோது, பொருளோடு வாழும் கோனின் பேறு எத்தகையது என்பது எனக்குப் புலனாயிற்று.

அதே 2007 ஆம் ஆண்டில், 2025 இல் மறைந்த அரசி சிறிகிட் அவர்களின் ஆதரவில் பெருங் கோன் ஆட்டம் ஒன்று அரங்கேறியது. பின்னரும் இராமகியனின் வெவ்வேறு பகுதிகள் அவ்வாறே பெருஞ் சிறப்பாக ஆடப்பட்டன. மறைந்துபோகவிருந்த ஆடை நெசவும் முகமூடி வேலையும் அதனாற் புத்துயிர் பெற்றன. இளைஞர் பலர் அரங்குக்குத் திரண்டனர். பொறிகளும் ஒளிவித்தைகளும் சற்று மிகுதி எனக் குறை கூறுவோர் உளர்; குரங்குப் படை மேகத்தில் மிதப்பதைக் காணும்போது எனக்கும் அவ்வெண்ணம் தோன்றியதுண்டு. 2018 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் கோனைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. நம் நாட்டு உருக்கட நாட்டியம் என்னும் நூற்பாவைக் கூத்தும் அதே கூட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

பாங்கொக்கிற்குச் செல்லும் நேயர்கள், நுண்கலைத் திணைக்களம் 1965 இல் திறந்த தேசிய அரங்கிற் கோன் உண்டா என்று முன்னதாகவே விசாரித்துக் கொள்வது நன்று. இசைக்குழுவைக் காணத்தக்க பக்கத்தில் இடம் பெறுங்கள். சற்று முந்தியே சென்று அமருங்கள். தபோன் என்னும் மத்தளத்தை இசையின் ஆசானாகவே அவர்கள் கொள்வதால் அதற்கு மாலை சூட்டியிருப்பர். முதல் ஒலி எழுமுன் இசைப்போர் அதனை நோக்கிக் கைகூப்புவர்.